பன்னிரண்டு ஏக்கரில் யாரும் நடக்கவில்லை

சுத்தமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிற எந்த ஆணையும் மேவிஸ் டாப்ஸ்காட் நம்புவதில்லை. அப்படி வருகிறவன் இன்ஷூரன்ஸ்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் மதம் பரப்ப வந்தவனாக இருப்பான் என்பது அவளுடைய முடிவு. ஞாபகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, லாரல்ஸ் முதியோர் இல்லத்தின் ஏழாம் எண் அறைக்கு வந்து சேர்ந்த பிறகும் இந்த முடிவு மட்டும் கழலவில்லை. கணவர் வில்ஃபின் முகம் கழன்றுவிட்டது. அவர் பெயர் வாரத்தில் இரண்டு நாள் இருக்கும், ஐந்து நாள் இருக்காது. ஆனால் மாலை மூன்றரை மணிக்கு, பூட்ஸில் சிவப்புச் சேறு அப்பிய ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றால் போதும். "பன்னிரண்டு ஏக்கர் வழியாத்தானே வந்தே? காலைத் துடைச்சிட்டு வா, வில்ஃப்" என்பாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவரும் கணவன் மனைவியாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

பன்னிரண்டு ஏக்கர் என்பது ஒரு புல்வெளியின் பெயர். அளந்தால் ஒன்பதுதான் வரும். நெதர்கோம் ஊருக்கும் லாரல்ஸுக்கும் நடுவில் கிடக்கிறது. லாரல்ஸ் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. மேவிஸ் அங்கே இருபத்தாறு வருடம் சமையல்காரியாக இருந்தாள். தினமும் அந்தப் புல்வெளியைக் குறுக்கே கடந்துதான் வேலைக்குப் போவாள். வயலின் நடுவில் மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி எங்கள் டெவன் மாவட்டத்துச் சிவப்பு மண் மாட்டுக் குளம்பில் மிதிபட்டு, வருடம் முழுக்கக் காயாமல் குழைந்து கிடக்கும். அந்தச் சேற்றை மேவிஸ் இருபத்தாறு வருடம் தன் சமையலறைத் தரையிலிருந்து துடைத்திருக்கிறாள். வேறு எதை மறந்தாலும் அதை மறப்பதற்கில்லை.

வயலின் பழைய சொந்தக்காரர் எர்னி சக் செத்துப்போனார். வாரிசுகள் நிலத்தை ரூபர்ட் காஸ்டல் என்பவருக்கு விற்றார்கள். காஸ்டல், கழுவிய கீரையைப் பையில் அடைத்து லண்டன்காரர்களுக்கு விற்றுப் பெரிய ஆளானவர். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை வயலைச் சுற்றி முள்கம்பியும், வாயிலில் பூட்டும், பூட்டின் மேல் ஒரு பலகையும் முளைத்தன. 'தனியார் நிலம். உள்ளே வராதீர்கள். இங்கே இயற்கை ஓய்வெடுக்கிறது.'

வில்ஃப் சாலை வழியாகப் போனார். வயல் வழியே இருபது நிமிடம். சாலை வழியே மூன்று மைல். நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி. பால் லாரி வந்தால் புதருக்குள் புதைந்துதான் உயிர் பிழைக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்ததால் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போகலாம் என்றால், அந்த வழித்தடத்தில் நாற்பது வருடம் பஸ் ஓட்டியதே வில்ஃப்தான். அவர் ஓய்வு பெற்றதும் பஸ்ஸுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆக, நடந்தே போய் ஏழாம் எண் அறை வாசலில் சுத்தமான பூட்ஸோடு நின்றார்.

"எங்களுக்கு எதுவும் வேணாம்" என்றாள் மேவிஸ். "இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே இருக்கு. என் வீட்டுக்காரர் வர்ற நேரம். கிளம்புங்க."

மறுநாள் வில்ஃப் சாலையோரக் குட்டையில் பூட்ஸை நன்றாக முக்கிக்கொண்டு போனார். மேவிஸ் குனிந்து பார்த்தாள். "இது ரோட்டுச் சேறு. கறுப்பா இருக்கு. டீசல் நாத்தம் வேற. யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்று நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தினாள்.

அசல் சேறு வயலின் நடுவில் இருந்தது. கம்பி ஓரத்தில் வெறும் புல். வில்ஃப் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. அதனால்தான் அவர் வாழ்நாளில் முதல்முறையாக மாவட்ட மன்றத்தின் பாதை உரிமைப் பிரிவுக்குப் போனார்.

அங்கே டெரெக் ஸ்மெதர்ஸ்ட் என்ற அதிகாரி இருந்தார். சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் பச்சைக் கோடுகள். அதிகாரி விரலை வைத்து நெதர்கோமைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"மிஸ்டர் டாப்ஸ்காட், அந்த இடத்துல பாதையே இல்லையே."

"நான் முப்பத்தி நாலு வருஷமா நடந்திருக்கேங்க."

"நீங்க நடந்திருக்கலாம். நான் அதைப் பத்திப் பேசலை. பாதை இல்லைங்கறேன்."

அதிகாரி ஒரு பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். 1951-ஆம் ஆண்டு ஒவ்வோர் ஊர் மன்றமும் தன் எல்லைக்குள் மக்கள் நடக்கும் பாதைகளையெல்லாம் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. நெதர்கோம் ஊர் மன்றம் மதுக்கடையின் பின்னறையில் கூடியது. மறந்துபோகக்கூடிய பாதைகளையெல்லாம் பொறுப்பாக எழுதினார்கள். பன்னிரண்டு ஏக்கர் பாதைக்கு வந்தபோது, நடவடிக்கைக் குறிப்பின்படி, 'அதை எல்லோரும் தினமும் உபயோகிப்பதால் எழுத வேண்டிய அவசியமில்லை' என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் ஸ்மெதர்ஸ்ட் வெற்றியோடு. "இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"எல்லாரும் நடக்கறாங்கன்னுல்ல எழுதியிருக்கு?"

அதிகாரி வில்ஃபைச் சந்தேகத்தோடு பார்த்தார். கோப்பை மூடி, பதினான்கு பக்க விண்ணப்பம் ஒன்றை நகர்த்தினார். இருபது வருடம் தடையில்லாமல் மக்கள் நடந்திருந்தால் பாதையைப் புதிதாக வரைபடத்தில் ஏற்றலாம், அதற்கு மூன்றே மூன்று நிபந்தனைதான் என்றார்.

"ஒண்ணு, வம்பா நடந்திருக்கக் கூடாது. ரெண்டு, ஒளிஞ்சு நடந்திருக்கக் கூடாது. மூணு, சொந்தக்காரரோட அனுமதியோட நடந்திருக்கக் கூடாது."

"அனுமதி வாங்கினா நல்லதுதானேங்க?"

"அனுமதி வாங்கினா அது சலுகை. சலுகை உரிமையாகாது. சொந்தக்காரர் உங்களைப் பாக்கணும், தடுக்கக் கூடாது. நீங்க அவரைக் கேக்கக் கூடாது, அவர் உங்களை விடவும் கூடாது. ரெண்டு பேரும் இயல்பா இருக்கணும்."

வில்ஃப் விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒன்பதாம் கேள்வி: 'பாதையில் வேறு யாரையாவது பார்த்தீர்களா? பார்த்தீர்கள் எனில், எதற்காகப் பார்த்தீர்கள்?' பதினொன்று: 'நீங்கள் நடந்த கோட்டை வரைபடத்தில் வரையவும். கோடு தடித்தால் பக்கவாட்டிலும் நடந்ததாகக் கருதப்படும்.'

"எப்ப முடிவு தெரியும்?"

"உங்க வரிசை எண் நானூத்திப் பன்னெண்டு. இப்ப நாங்க ஆறாம் எண் பாத்துக்கிட்டிருக்கோம். ஆறாம் எண் ரொம்ப சுவாரசியமான கேஸ். விண்ணப்பம் போட்டவர் போன மாசம் காலமாயிட்டார். அதனால இனிமே வேகமா நகரும்."

வில்ஃப் எழுந்து நின்று, பழக்க தோஷத்தில், "ரொம்ப நன்றிங்க" என்றார்.

இந்த நன்றியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்வார்கள். டிரைவரும் பதிலுக்கு நன்றி சொல்வார். நாற்பது வருடத்தில் வில்ஃப் எத்தனை லட்சம் நன்றி சொல்லியிருப்பார் என்று யாருக்கும் தெரியாது. காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்பார். கதவில் முட்டிக்கொண்டால் கதவிடமும் கேட்பார்.

நானூற்றுப் பன்னிரண்டாம் எண் முன்னுக்கு வந்ததற்குக் காரணம் ஹிலரி பென்ஃபோல்ட். நெதர்கோம் பாதைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவி. முன்பு தலைமையாசிரியை. காஸ்டலின் பலகையைப் பார்த்த அன்று கையில் எடுத்த பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. அமைச்சகத்துக்கு அறுபத்து மூன்று கடிதம் போட்டார். அறுபத்து நான்காவது வராமல் இருப்பதற்காக அமைச்சகம் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்புவதாக எழுதியது. இதற்குள் பதின்மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்தப் பதின்மூன்று மாதமும் வில்ஃப் தினமும் மூன்று மைல் நடந்து போய், தன் மனைவியிடம் இன்ஷூரன்ஸ்காரராக அமர்ந்திருந்து, மூன்று மைல் நடந்து திரும்பினார். அவள் ஒருநாள் ரகசியமாக அவரிடம் சொன்னாள். "நீங்க நல்ல மனுஷனாத்தான் தெரியறீங்க. ஆனா என் வீட்டுக்காரருக்கு என்னவோ ஆயிடுச்சு. யாரும் எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க." அன்று அவர் பால் லாரிக்கு ஒதுங்கவில்லை. லாரிதான் ஒதுங்கியது.

விசாரணைக்கு முந்தின வாரம் ஹிலரி அம்மாள் ஊர்ப் பொதுக்கூடத்தில் சாட்சிகளைக் கூட்டி ஒத்திகை பார்த்தார். நாற்பத்தோரு பேர் வந்தார்கள். முப்பத்தாறு பேர் எர்னியைக் கண்டால் 'இப்படிப் போகலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் போனார்களாம். ஹிலரி அம்மாள் தலையில் கை வைத்தார். "அது அனுமதி! ஏன் கேட்டுத் தொலைச்சீங்க?"

"மரியாதைக்குத்தான் கேட்டோம்" என்றது கூட்டம்.

நாலு பேர் எர்னியைக் கண்டாலே புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்கள். எர்னி தன் இடுப்பு ஆபரேஷனைப் பற்றி ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் நிறுத்த மாட்டார். அது ஒளிவில் சேர்ந்தது. மீதியிருந்த ஒருவர் கொல்லன் கோலின். இவர் எர்னியிடம் ஒருநாளும் கேட்டதில்லை, ஒளிந்ததுமில்லை. ஹிலரி அம்மாளின் முகம் மலர்ந்தது.

"எர்னி உங்களை எதுவுமே சொல்லலையா, கோலின்?"

"சொன்னானே. 'வெளியே போடா'ன்னான். 'உங்கப்பன் வயலாடா'ன்னேன். வாராவாரம் சொல்வோம்."

"அது வம்பு" என்று ஹிலரி அம்மாள் பெயரை அடித்தார்.

விசாரணை அதே கூடத்தில் நடந்தது. முதலில் ரூபர்ட் காஸ்டல் பேசினார். புத்தம் புதிய பச்சைக் கோட்டு, கொஞ்சமும் அழுக்காகாத தொப்பி.

"எனக்குக் கிராமப்புறம்னா உயிர்" என்றார். "அதனாலதான் வாங்கினேன். வயலைப் பாக்கறப்ப என் மனசுல ஒரு அமைதி. அந்த அமைதி இந்த நாட்டு மக்கள் எல்லாருக்கும் சொந்தம்னு நான் நம்பறேன். அதை அவங்களுக்காகப் பத்திரமா வெச்சிருக்கேன். அவங்க உள்ள வந்துட்டா அது இருக்காது."

விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்து மாவட்ட மன்றத்தின் சார்பில் ஸ்மெதர்ஸ்ட். "மன்றம் இந்த விஷயத்தில் எந்தப் பக்கமும் இல்லை. பாதைகளைப் பாதுகாப்பது எங்கள் கடமை. பாதை எது என்று தெரிந்தால் நிச்சயமாகப் பாதுகாப்போம். வரைபடத்தில் இல்லாத பாதையை நாங்கள் பாதுகாத்தால், வரைபடத்தில் உள்ள பாதைகள் எங்கள்மீது நம்பிக்கை இழந்துவிடும்." எழுதி வைத்து வாசித்ததால் அவருக்கே அது சரியாகத்தான் பட்டது.

பிறகு வில்ஃப். காஸ்டலின் வக்கீல் அம்மா எழுந்தார். இனிமையான குரல்.

"மிஸ்டர் டாப்ஸ்காட், உக்காருங்க. தண்ணி வேணுமா?"

"நன்றிங்க."

"எர்னி சக்கை வயல்ல பாத்தா என்ன சொல்வீங்க?"

ஹிலரி அம்மாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தலையை இடமும் வலமும் ஆட்டினார். வில்ஃபுக்குப் புரிந்தது. ஆனால் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார்.

"'எர்னி, குறுக்கே போகலாமா'ம்பேன்."

"அவர்?"

"'போயேன்யா'ம்பார்."

"அப்புறம்?"

வில்ஃப் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"நன்றி சொல்வேன்" என்றார்.

பின்வரிசையில் யாரோ முனகினார்கள். வக்கீல் அம்மா விசாரணை அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஐயா, முப்பத்தி நாலு வருஷம். வருஷத்துக்கு முந்நூறு நாள்னு வெச்சுக்கிட்டாலும் பத்தாயிரம் தடவை அனுமதி. இந்தப் பண்ணையோட பெருந்தன்மைக்கு வேற சாட்சி வேணுமா? கேட்டவங்க யாருக்கும் இங்கே இல்லைன்னு சொன்னதே கிடையாது!"

விசாரணை அதிகாரி முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார். "அப்படியானால் அந்தப் பெருந்தன்மை இப்போதும் தொடர்கிறதா? பதிவுக்காகக் கேட்கிறேன்."

வக்கீல் அம்மா காஸ்டலைப் பார்த்தார். காஸ்டல் தொப்பியைப் பார்த்தார். தொடரவில்லை என்றால் வாதம் நொண்டும். தொடர்கிறது என்றால் பூட்டைத் திறக்க வேண்டும்.

"தொடர்கிறது, ஐயா" என்றார் வக்கீல் அம்மா.

மறுநாள் காலை வாயில் திறந்திருந்தது. பலகையும் மாறியிருந்தது. 'உரிமையாளரின் கருணையால் மட்டுமே இங்கே நடக்கலாம். கருணை எந்த நேரமும் திரும்பப் பெறப்படும்.' இரவெல்லாம் மழை பெய்து, வயல் நடுவில் தொட்டியைச் சுற்றி சிவப்பாக மின்னியது. வில்ஃப் மதியம் மூன்று மணிக்கு, இளைஞனைப் போல வேகமாக வாயிலுக்கு வந்தார்.

வாயிலின் குறுக்கே மடக்கு நாற்காலி போட்டு ஹிலரி அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"நில்லுங்க, வில்ஃப்."

"திறந்திருக்கே!"

"அதுதான் பொறி. இப்ப நீங்க கால் வெச்சா, அந்தப் பலகையை ஒத்துக்கிட்டதா ஆயிடும். முக்கியமான சாட்சி நீங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் நடக்கக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்."

"தீர்ப்பு எப்ப?"

"எட்டு மாசம் ஆகலாம்."

"நடக்கற உரிமைக்காக நடக்காம இருக்கணுமா?"

"ஒரு எட்டு மாசம்தானே? அப்புறம் உலகம் உள்ளவரைக்கும் எல்லாரும் நடக்கலாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவங்களை நெனைச்சுப் பாருங்க."

வில்ஃப் நினைத்துப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். அந்த அம்மாள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. வாயிலுக்கு அந்தப் பக்கம் காஸ்டல் கையில் நோட்டுப் புத்தகத்தோடு, பால் கிண்ணத்தருகே பூனை மாதிரி காத்திருந்தார்.

"ஹிலரி, எட்டு மாசம் அவ இருப்பாளான்னு எனக்குத் தெரியாது" என்றார் வில்ஃப். "இருந்தாலும் எனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு தினம் அழறா. நான் எதிர்லயே உக்காந்திருக்கேன். மன்னிச்சுக்கங்க."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். காஸ்டல் ஒதுங்கி வழிவிட்டார்.

"நன்றி" என்றார் வில்ஃப். காஸ்டல் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

தொட்டியருகே கணுக்கால்வரை புதைந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றே புதைத்துக்கொண்டு நடந்தார். ஏழாம் எண் அறை வாசலில் நின்றபோது மேவிஸ் முதலில் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"எங்கேய்யா போயிட்டே? டீ ஆறிப் போச்சு. காலைத் துடைச்சிட்டு வா."

வில்ஃப் காலைத் துடைக்க வெளியே வந்து, வெகுநேரம் துடைத்தார். கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது.

எட்டு மாதம் அப்படிப் போனது. தினமும் காஸ்டலின் ஆள் ஒருவன் வாயிலில் நின்று நன்றியைக் குறித்துக்கொள்வான். ஹிலரி அம்மாள் கடைத்தெருவில் வில்ஃபைக் கண்டால் ரொட்டிக் கடைக்குள் நுழைந்துவிடுவார். கோலின் மட்டும், "போனா போகுது, விடுய்யா" என்றார்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை தீர்ப்பு தபாலில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை கருணை திரும்பப் பெறப்பட்டுப் பூட்டு மாட்டியாயிற்று.

வில்ஃப் பூட்டிய வாயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே பார்த்தார். போன வருடம் கம்பி ஓரத்தில் வெறும் புல்தான் இருந்தது. இப்போது வாயிலின் அடியில், கை எட்டும் தூரத்தில், ஒரு சாண் ஆழத்துக்குச் சிவப்புச் சேறு. எட்டு மாதமாக அவர் காலே மிதித்து மிதித்து உண்டாக்கியது. முட்டி போட்டுக் கம்பிக்கு அடியில் கையை விட்டார். இது வம்பா, ஒளிவா என்று யோசித்தார். அனுமதி இல்லை என்பது மட்டும் நிச்சயம். பிஸ்கட் டப்பா நிறைய அள்ளி மூடியைப் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்தார். லாரல்ஸின் வெளிவாசலில் நின்று, ஷூ பாலிஷ் போடுவதுபோல இரண்டு பூட்ஸிலும் பொறுமையாகப் பூசிக்கொண்டார்.

மேவிஸ் அவரை உள்ளே விட்டாள். அவர் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்த உறையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன அது? இன்ஷூரன்ஸா?"

"இல்லை, செல்லம். பன்னிரண்டு ஏக்கர் விஷயமா கவர்மென்ட்டுலருந்து வந்திருக்கு."

"படி."

வில்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'சாட்சியங்களைப் பரிசீலித்ததில், அனுமதியோடு நடந்தவர்கள், ஒளிந்து நடந்தவர்கள், வம்பாக நடந்தவர்கள் ஆகியோரைக் கழித்தபின், மேற்படி நிலத்தில் எந்தக் காலத்திலும் யாரும் நடக்கவில்லை என்று இதனால் தீர்மானிக்கப்படுகிறது.'"

மேவிஸ் முழுவதையும் கவனமாகக் கேட்டாள். பிறகு எழுந்து வந்து, கதவிலிருந்து நாற்காலிவரை தரையில் வரிசையாகப் பதிந்திருந்த சிவப்புத் தடங்களைப் பார்த்தாள்.

"யாருமே நடக்கலையாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்போ இதை யாரு என் வீட்டுக்குள்ள கொண்டு வந்தது?" என்றாள். "எந்திரி. காலைத் துடைச்சிட்டு வா, வில்ஃப்."